கடலில் கொட்டிய உப்பு

ஒற்றைக் காலுக்கு விலங்கு போட்டிருந்தார்கள்.

இருந்ததே ஒரு கால்தான். இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்து ஐந்து நாள் ஆகிறது. மிச்சமிருந்த வலது காலில், கட்டுத்துணியின் மேலேயே விலங்கை மாட்டிக் கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு பூட்டிவிட்டு, வார்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிளையும் உட்கார வைத்திருந்தது காவல்துறை.

"ஓடிடுவார்னு பயமா சார்?" என்று கேட்டான் மீட்டர்.

கான்ஸ்டபிள் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரூல்."

"ரூல் எழுதினவருக்கு ரெண்டு கால் இருந்திருக்கும்."

"மீட்டர், வாயை மூடு" என்றார் டைப்பிஸ்ட்டம்மா. மீட்டர் மூடினான். அவன் யார் பேச்சையாவது கேட்பான் என்றால் அது அவர் பேச்சைத்தான்.

அவனுக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. பதினைந்து வருடம் டாக்சி ஓட்டினான். ஒருநாள்கூட மீட்டர் போட்டதில்லை. இப்போது டைப்பிஸ்ட்டம்மாவின் துப்பறியும் அலுவலகத்தில் டிரைவர், உதவியாளர், தேவைப்பட்டால் அடி வாங்கும் ஆள் என்று மூன்று வேலை பார்க்கிறான். டைப்பிஸ்ட்டம்மா கோர்ட்டில் இருபத்தாறு வருடம் சாட்சிகள் சொன்னதை டைப் அடித்தவர். ஆயிரக்கணக்கான பொய்கள் அவர் விரல் வழியாகப் போயிருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகும் காது சும்மா இருக்க மறுத்ததால் இந்தத் தொழிலுக்கு வந்தார். இரக்கம் என்கிற சமாசாரத்தைக் கோர்ட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தார் என்பது மீட்டரின் கட்சி.

கட்டிலில் கிடந்தவர் கழிவுநீர் லாரி டிரைவர். தாடை இரண்டு இடத்தில் உடைந்து பற்களைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஊசி மருந்தின் தூக்கத்தில் இருந்தார். அவர் தலைமாட்டில் நின்ற அவர் மனைவிதான் இவர்களை அழைத்தவள். கடலுக்கு வந்தும் மாறாத, வெயிலில் உழுத கைகள் அவளுக்கு.

"நாலு மணிக்கு இவரை ஜெயில் ஆஸ்பத்திரிக்கு மாத்தப் போறாங்கம்மா" என்றாள். "அங்க கட்டு மாத்த வாரத்துக்கு ஒரு தடவைதான் ஆள் வருமாம்."

பக்கத்தில் மருந்துத் தட்டோடு நின்ற நர்ஸ் தலையாட்டினாள். "வலது கால்லயும் பெரிய காயம். தினம் ரெண்டு வேளை சுத்தம் பண்ணலைன்னா அதையும் எடுக்க வேண்டியதுதான்."

இப்போது மணி பத்து.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். ஊரை ஒட்டி ஒரு சின்னக் குடா. வாய் குறுகல், வயிறு அகலம். உள்ளே போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது. அதில் பன்னிரண்டு மூங்கில் மிதவைகள். பன்னிரண்டு குடும்பங்கள் சங்கம் வைத்துக் கடல்பாசி வளர்த்தன. இரண்டு மாதமாகவே தண்ணீர் பச்சை கட்டிக்கொண்டு வந்தது. போன வாரம் ஒரு விடியற்காலை, குடாவில் இருந்த மீனெல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தது. அதே விடியற்காலையில் கரையோரம் இந்த லாரி நின்றது. டிரைவர் இடுப்பு வரை நனைந்து தண்ணீரிலிருந்து வெளியே வந்தார். சங்கத்து ஆட்கள் பதினோரு பேர் பார்த்தார்கள். பதினோரு பேரும் அடித்தார்கள். கடைசியில் லாரியின் ஜாக்கி இரும்பால் காலை அடித்தது யார் என்று மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஃபைலோடு வந்தார். டைப்பிஸ்ட்டம்மா கோர்ட்டில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். "உப்புப் பெறாத கேஸ்மா இது. நீங்க எதுக்கு வெயில்ல அலையறீங்க? தண்ணியை லேப்ல குடுத்தோம். நைட்ரஜன் இருக்க வேண்டியதைப்போல நாப்பது மடங்கு இருக்கு. நைட்ரஜன் எதுல இருந்து வரும்? கக்கூஸ் கழிவுல இருந்து. கழிவு எதுல இருந்து வரும்? இவன் லாரில இருந்து. முடிஞ்சது."

டைப்பிஸ்ட்டம்மா லேப் தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ரெண்டாவது வரியைப் படிச்சீங்களா? கழிவுக் கிருமி மிகக் குறைவுன்னு போட்டிருக்கு."

"இருக்கட்டுமே."

"லாரி லாரியா கக்கூஸ் தண்ணி கொட்டின இடத்துல கிருமி இல்லையா?"

"சாக்கடை குளிச்சிட்டு வந்திருக்கும்மா" என்றான் மீட்டர்.

இன்ஸ்பெக்டர் அவனை முறைத்தார். "லாரி காலியா இருந்துச்சு. அப்ப கொட்டிட்டான்னுதானே அர்த்தம்?"

"விடிகாலை. இன்னும் வேலைக்கே போகலை. காலியாத்தான் இருக்கும்."

"சரிம்மா, அவனே ஒத்துக்கிட்டானே! முந்தாநாள் நினைவு வந்ததும் நானே கேட்டேன். 'கொட்டினியாடா?' ஆமான்னு தலையாட்டினான். மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் ஆட்டினான்."

"என்ன கொட்டினன்னு கேட்டீங்களா?"

தாடை கட்டியிருக்கும் ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை என்பது இன்ஸ்பெக்டருக்கு இப்போதுதான் ஒரு நல்ல சாக்காகத் தோன்றியது. அதைச் சொன்னார்.

டைப்பிஸ்ட்டம்மா சாட்சிகளின் வாக்குமூலங்களைப் புரட்டினார். டீக்கடைக்காரி சொன்னதில் ஒரு வரிக்கு வந்ததும் அவர் ஆள்காட்டி விரல் நின்றுவிட்டது. 'அடிபடும்போது எதிரி உப்பு உப்பு என்று உளறினான்.'

"தங்கச்சி" என்று மனைவியின் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரர் அந்நேரத்துக்கு அங்க எதுக்குப் போனார்?"

"தெரியாதுங்க."

பட்டென்று வந்தது பதில். டைப்பிஸ்ட்டம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் சொன்னார்: "தெரியாதவங்க கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் தெரியாதும்பாங்க. தெரிஞ்சவங்களுக்குத்தான் பதில் ரெடியா இருக்கும்."

"அப்ப அந்தம்மாவும் கூட்டா?"

"வண்டியை எடு."

*

குடாவின் நாற்றம் அரை மைல் முன்பே காருக்குள் ஏறி உட்கார்ந்தது. கடல் என்று சொல்லக் கூசும். பச்சைப் பெயிண்டைக் காய்ச்சி ஆறவிட்டதுபோல் மேலே ஒரு படலம், ஓரத்தில் அழுகின மீன், அதன் மேல் ஈ. தண்ணீர் நகரவே இல்லை.

டீக்கடைக்காரிக்கு ஐம்பது வயது இருக்கும். கடையில் ஆளே இல்லாததால் பேச ஆள் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

"உளறினார்னு நீங்க சொன்னீங்களா, போலீஸ் எழுதிக்கிச்சா?" என்று கேட்டார் டைப்பிஸ்ட்டம்மா.

"நான் உளறினார்னு சொல்லலைம்மா. உப்புன்னு சொன்னார்னேன். அவங்களா சேர்த்துக்கிட்டாங்க."

"எப்ப சொன்னார்? அடி விழுந்த பிறகா?"

அவள் யோசித்தாள். யோசித்தது டைப்பிஸ்ட்டம்மாவுக்குப் பிடித்தது என்பது மீட்டருக்குத் தெரிந்தது. "இல்லையே. முதல்ல சங்கத் தலைவர் கேட்டார், 'தண்ணில என்னடா போட்ட?'ன்னு. அவரு சிரிச்ச முகமாத்தான் 'உப்புங்க'ன்னார். சொல்லி வாய் மூடலை, தலைவர் வாய்லயே ஒண்ணு விட்டார். அப்புறம் எல்லாரும் பாஞ்சாங்க. ஒவ்வொரு அடிக்கும் 'உப்புதாங்க, வெறும் உப்புதாங்க'ன்னு கத்தினார். கத்தக் கத்த அடி ஜாஸ்தியாச்சு. கடைசில தாடை உடைஞ்சு சொல்ல முடியாமப் போனப்பதான் நிறுத்தினாங்க."

"நீங்க போய்த் தடுக்கலையா?"

"என் கடைல டீ குடிக்கிறவங்களே அந்தப் பதினோரு பேர்தாம்மா" என்றாள் அவள். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

காருக்குத் திரும்பும்போது மீட்டர், "உப்புன்னா எதுக்குங்க அடிக்கணும்? கடல்ல உப்பு போட்டா கடலுக்கு ரத்தக் கொதிப்பா வரும்?" என்றான்.

"பதில் பொய்யா இருந்தா முதுகுல அடிப்பாங்க. பதில் வெளிய வரக்கூடாதுன்னாத்தான் வாய்ல அடிப்பாங்க."

*

சங்கத் தலைவர் கரையில் வலை உலர்த்தும் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர் தோரணை, பெரிய மீசை. பத்து வருடம் முன்னால் உள்நாட்டில் கிணறுகள் வற்றியபோது நிலத்தை விட்டுவிட்டு இங்கே வந்து பிழைப்பைக் கடலுக்கு மாற்றிக்கொண்ட விவசாயக் குடும்பங்கள் இவர்கள். கூட்டி வந்தது அவர்தான்.

"எங்க வயித்துல அடிச்சிட்டான்மா அந்தப் பாவி" என்று ஆரம்பித்தார். கால் மணி நேரம் சொன்னார். டைப்பிஸ்ட்டம்மா பொறுமையாகத் தலையாட்டினார். மீட்டருக்குக் கொட்டாவி வந்தது.

"போகட்டும் விடுங்க" என்று எழுந்துகொண்டார் டைப்பிஸ்ட்டம்மா. "நீங்க நிலத்துல கை வச்சவர். ஒரு யோசனை சொல்லுங்க. வீட்டுல ஒரு ரோஜாச் செடி, இலையெல்லாம் வெளுத்துப் போச்சு. ரெண்டு கை உப்பு வைக்கலாமா?"

"ரெண்டு கையா!" தலைவர் பதறிவிட்டார். "கருகிடும்மா! ஒரு தேக்கரண்டி போதும். வேருல படாம ஒரு சாண் தள்ளி வச்சு உடனே தண்ணி விடுங்க. பத்து நாள்ல பாருங்க, தழைஞ்சிடும்."

"நல்லதுங்க" என்றார் டைப்பிஸ்ட்டம்மா.

காரை நெருங்கும்வரை மீட்டர் பொறுத்துப் பார்த்தான். "ஏம்மா, எங்க வீட்டுக்காரி துளசித் தொட்டில ஊறுகாய் ஜாடி கழுவின தண்ணியை ஊத்தினா. மூணே நாள், செடி போயிருச்சு. உப்பு போட்டா ரோஜா எப்படித் தழையும்?"

"தழையாது. செத்துடும். உனக்குத் தெரியுது. முப்பது வருஷம் விவசாயம் பார்த்த அவருக்குத் தெரியாதா?" டைப்பிஸ்ட்டம்மா காரின் மேல் சாய்ந்துகொண்டார். "உனக்கு உப்புன்னா சாப்பாட்டுல போடறது. அவங்களுக்கு உப்புன்னா வயல்ல போடறது. யூரியாவை அவங்க உப்புன்னுதான் சொல்வாங்க. வெள்ளையா, பரல் பரலா இருக்குல்ல."

மீட்டர் விசிலடித்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்னு கேளு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கேஸ். 'அவன் பக்கத்து வயல்ல உப்பு போட்டான்'னு சாட்சி சொன்னான். நான் அப்படியே அடிச்சேன். ஜட்ஜ் பட்டணத்துக்காரர். விளையற நிலத்துல உப்பைப் போட்டுப் பாழாக்கினான்னு ஆறு மாசம் உள்ள தள்ளிட்டார். அந்த மனுஷன் உடம்பு முடியாத பக்கத்து வீட்டுக்காரனுக்கு உரம் போட்டு உதவி பண்ணியிருந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மூணாவது மாசம் உள்ளேயே செத்துட்டான். நீ சட்டையைக் கழட்டு."

"எதுக்குங்க?"

"முங்கணும்."

மீட்டர் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தான். அதில் மிதந்த மீனும் அவனைப் பார்த்தது. "என் பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்றான்.

*

மதிய வெயிலில் கரையில் யாரும் இல்லை. சங்கத்துக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மீட்டர் ஒன்றாம் எண் மிதவைக்குக் கீழே போனான். அது தலைவருடையது. மிதவையில் கட்டியிருந்த டப்பாவில் பெயிண்டில் எண் எழுதியிருந்தார்கள்.

மேலே வந்தபோது அவன் தலையில் பச்சை வழிந்தது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "சாக்கு தொங்குதும்மா. கல்லைக் கட்டி இறக்கியிருக்காங்க. உள்ள பிளாஸ்டிக் பை, பை முழுக்க ஊசி ஊசியா ஓட்டை. ஒண்ணு இல்லை, ரெண்டு சாக்கு."

சாக்கின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பரல் கரையாமல் மிச்சம் இருந்தது. டைப்பிஸ்ட்டம்மா பிளாஸ்க்கின் மூடியில் குடிதண்ணீர் ஊற்றி ஒரு பிடி பரலைப் போட்டுக் கலக்கி அவன் கையில் கொடுத்தார். அந்த வெயிலிலும் மூடி சில்லிட்டுப் போயிற்று.

"யூரியா கரைஞ்சா இப்படித்தான் குளிரும். பாசி வேகமா வளரட்டும்னு தொங்க விட்டிருக்கார். வயல்ல போட்டா பயிருக்குப் போகும். தேங்கின தண்ணில போட்டா முதல்ல சாப்பிடறது இந்தப் பச்சைச் சனியன்தான். அது மூடிக்கிச்சு, அப்புறம் அழுகிச்சு. அழுகறப்ப தண்ணில இருந்த மூச்சையெல்லாம் இழுத்துக்கிச்சு. மீன் எங்க போகும்?"

"அப்ப தலைவரைப் பிடிச்சாச்சு! வாங்கம்மா, நான் குளிக்கணும்."

"ரெண்டாம் நம்பருக்கும் ஒரு தடவை போய்ப் பாரு."

ரெண்டிலும் சாக்கு இருந்தது. மூன்றிலும் இருந்தது. ஏழாம் மிதவைக்கு வந்தபோது மீட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. பதினோரு மிதவைகளிலும் சாக்கு. ஒருவன் கட்டியது மாதிரி இன்னொருவன் கட்டவில்லை. ஒவ்வொருவனும் பக்கத்து மிதவைக்காரனுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்து மறைத்துக் கட்டியிருந்தான்.

பன்னிரண்டாம் மிதவை லாரிக்காரர் மனைவியுடையது; அவளும் அந்த விவசாயக் குடும்பங்களில் பிறந்தவள்தான். அங்கேயும் சாக்கு இருந்தது. மீட்டர் மூச்சு வாங்கக் கரையில் மல்லாந்து கிடந்தபோது, டைப்பிஸ்ட்டம்மா அந்தச் சாக்கின் சேற்றைத் துடைத்து எழுத்தைப் படித்தார். உள்ளே விரலை விட்டு எதையோ எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுத்து உள்ளே போகும்படி நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது என்னம்மா?"

"அது கடைசில" என்றார். அவர் முகம் கல்லாகிவிட்டிருந்தது.

*

மூன்று மணிக்குச் சங்கக் கொட்டகையில் கூட்டம். டிரைவரின் மேல் இறுதிப் புகாரில் கையெழுத்து வாங்க இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பதினோரு பேரும் சட்டை மாற்றிக்கொண்டு பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீட்டர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, ஈரச் சாக்குகளை மிதவை எண் வாரியாகத் தரையில் பரப்பினான். ஒன்றாம் எண்ணுக்கு இரண்டு சாக்கு.

தலைவர்தான் முதலில் சுதாரித்தார். "பார்த்தீங்களா சார்! லாரிக்காரன் எங்க மிதவைல எல்லாம் விஷத்தைக் கட்டிட்டுப் போயிருக்கான்!"

அது நல்ல பொய். நின்றிருக்கும். ஆனால் ரெண்டாம் மிதவைக்காரன் தலைவரின் சொந்த மச்சான். அவன் கண் அந்த இரண்டு சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு மூட்டையா மச்சான்?" என்றான் மெதுவாக.

"டேய், சும்மா இரு."

"உப்பு போடக்கூடாது, கடல் கெட்டுரும்னு எங்க எல்லார்கிட்டயும் பிள்ளைங்க மேல சத்தியம் வாங்கினியே! நான் ஒரு மூட்டை போட்டுட்டு ரெண்டு மாசமா உன் முகத்தைப் பார்க்க முடியாமச் செத்துக்கிட்டிருக்கேன். நீ ரெண்டு மூட்டை போட்டிருக்க!"

"நீ போட்டியா?" என்று எழுந்தான் ஐந்தாம் மிதவைக்காரன். "நான் மட்டுந்தான்னு..." அவன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் எல்லாம் கொட்டிவிட்டது. அடுத்த ஐந்து நிமிடம் அந்தக் கொட்டகையில் நடந்ததை இன்ஸ்பெக்டரால் எழுதிக்கொள்ளவே முடியவில்லை. தான் செய்தது தப்பு என்று ஒருவனும் சொல்லவில்லை. அடுத்தவன் எப்படிச் செய்யலாம் என்றுதான் சண்டை.

டைப்பிஸ்ட்டம்மா மேஜையைத் தட்டினார்.

"அன்னிக்குக் காலைல அவர் உப்புன்னார். இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, நம்ம பேரைச் சொல்லப் போறான்னு ஒவ்வொருத்தனும் நெனச்சீங்க. அதான் வாய்ல அடிச்சீங்க. அவர் சொல்லச் சொல்ல அடிச்சீங்க. சரிதானே?"

ஐந்தாம் மிதவைக்காரன் தன் சாக்கைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். அதுவே பதில்.

"அவனும்தானே போட்டான்!" என்றார் தலைவர். "அவன் வாயாலயே சொன்னான். அவன் மட்டும் யோக்கியனா?"

டைப்பிஸ்ட்டம்மா பையிலிருந்து பன்னிரண்டாவது சாக்கை எடுத்து விரித்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "சத்தமாப் படிங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார். "சமையல் கல் உப்பு. அயோடின் சேர்த்தது." நிறுத்தினார். மறுபடி படித்தார்.

"அவர் டவுன்காரர். அவருக்கு உப்புன்னா உப்புதான். இந்தக் குடால பன்னெண்டு பேர் மூட்டை கட்டினாங்க. கெடுதல் பண்ணாத மூட்டை ஒண்ணே ஒண்ணு. அதைக் கட்டின ஆளோட காலைத்தான் உடைச்சிருக்கீங்க."

மச்சான்தான் முதலில் சிரித்தான். "கடல்ல கொண்டுபோய் உப்பை..." என்று ஆரம்பித்தவனால் முடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் தொற்றிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மீட்டருக்கு அப்போது மட்டும் சிரிப்பு வரவில்லை. ஜாக்கி இரும்பு கையில் கிடைத்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

*

மூன்றே முக்கால். ஆஸ்பத்திரி வராந்தா. இன்ஸ்பெக்டர் உள்ளே போய் விலங்கைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட்டம்மா லாரிக்காரர் மனைவியைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"உன் வீட்டுக்காரருக்கு விடுதலை. கால் தப்பிச்சுது."

அவள் கும்பிட்டாள். அழுதாள். டைப்பிஸ்ட்டம்மா அழுது முடியும்வரை காத்திருந்தார்.

"தலைவர் மிதவை அடில சாக்கு இருக்கறதைப் பார்த்துட்டே. அதான் நீயும் சொன்னே. என்ன சொன்னே அவர்கிட்ட?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒரு மூட்டை உப்பு வாங்கி, ஓட்டை போட்டு, நம்ம மிதவைக்கு அடியில கட்டிட்டு வாங்கன்னேன். எதுக்குன்னுகூடக் கேட்கலைம்மா அவரு. நான் சொன்னா மறுகேள்வி கேட்கமாட்டாரு, செஞ்சிடுவாரு. என்னாலதான் அவரும் அந்தப் பாவத்தைப் பண்ணினாரு. ஒரு மூட்டைதான்மா. மத்தவங்க போட்டதை நீங்க கண்டுபிடிச்சா, இவரு போட்டது சின்னதாத் தெரியும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"இதைப் படி."

"அம்மா, வேணாங்க" என்றான் மீட்டர். அவன் டைப்பிஸ்ட்டம்மாவைத் தடுத்தது அதுவே முதல் தடவை.

டைப்பிஸ்ட்டம்மா கேட்கவில்லை. சாக்கை அவள் மடியில் விரித்தார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கல் உப்பு என்ற இடத்துக்கு வந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அவரு ஒண்ணுமே செய்யலையா? விஷம் போடலையா?" என்று சின்னப் பெண்போல் சிரித்தாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே விஷயம் உள்ளே இறங்கிற்று. தான் சொன்ன ஒரு சொல், அவர் புரிந்துகொண்டது, அடித்தவர்கள் புரிந்துகொண்டது. மீட்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வாயைத் தொறந்து எந்த உப்பு, எதுக்குன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவர் அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கமாட்டார், கால் இருந்திருக்கும்" என்றார் டைப்பிஸ்ட்டம்மா. "போ. அவர்கிட்ட நீயே சொல்லு. நாங்க சொல்லக்கூடாது."

உள்ளே டிரைவர் விழித்திருந்தார். விலங்கு போன காலை மெதுவாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் எழுதிப் பேச ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்திருந்தாள். மனைவியைப் பார்த்ததும், பிறகு அவள் கையில் இருந்த சாக்கைப் பார்த்ததும், அவர் கண் அவசரமானது. எழுதினார். வலது கை விரல்களும் உடைந்திருந்ததால் இடது கையால், கோணல் மாணலாக. கட்டில் காலடியில் நின்ற மீட்டர் அதைத் தலைகீழாகப் படித்தான்.

'நீ பொடி உப்பு கேட்டியா? நான் கல்லுப்பு வாங்கிட்டேன். அதுக்குத்தான் அடிச்சாங்களா?'

அவள் சாக்கை இரண்டு கையாலும் சுருட்டிக்கொண்டாள். டைப்பிஸ்ட்டம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வார்டுச் சுவரில் கடிகாரம் நாலு காட்டியது.

பிறகு அவள் தலையாட்டினாள். ஆமாம் என்று.

டிரைவர் புரிந்துகொண்டவராகத் தானும் தலையாட்டினார். அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். நோட்டை இழுத்து அடியில் இன்னொரு வரி எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

'மன்னிச்சுக்கோ. அடுத்த தடவை கேட்டு வாங்கறேன்.'